சம்பந்தி பங்க் பெட்ரோல்

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம் செய்யும் கலியமூர்த்தியின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. ஐஸ் பாளம் பாதி கரைந்து வந்து இறங்கினால் கம்பெனிக்காரனுக்கு அங்கேயே மண்டகப்படி நடக்கும். ஏலம் முடிகிற நேரத்தில் மினி லாரியைக் குறுக்கே விட்டவன் அவன் தாத்தா வரைக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவான். மனசில் ஒன்று, வாயில் ஒன்று என்பது இந்த ஆளிடம் கிடையாது என்று அவரிடம் திட்டு வாங்கினவர்களே சொல்வார்கள்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு வருஷமாக ஒரே ஒரு வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டு, மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அலைந்தார். வாக்கியம் இதுதான்: "சம்பந்தி, உங்க பங்க் பெட்ரோல் என் வண்டிக்கு ஒத்துக்காது." அவ்வளவுதான். சொல்லி முடிக்க ஒரு மூச்சு போதும். சொன்னாரா என்றால், இல்லை!

கலியமூர்த்தி பாகூர்ப் பக்கம் கரும்பு போட்ட குடும்பத்துப் பிள்ளை. பங்கு பிரித்துப் பிரித்து நிலம் ஒன்றுமில்லாமல் போனதும் டவுனுக்கு வந்தார். ஐஸ் உடைத்தார், ஐஸ் சுமந்தார், பிறகு ஐஸ் விற்றார். முதலியார்பேட்டையில் வீடு கட்டினார். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே ஒரு பைத்தியம் உண்டு, அது கார். கொரோனாவெல்லாம் அடங்கின மறுவருஷம், துமாஸ் வீதி லூயிஸ் குடும்பத்தோடு பிரான்சுக்கே போய்விடுவது என்று முடிவெடுத்துத் தன் காரை விற்கப்போக, கலியமூர்த்தி யாரையும் கேட்காமல் வாங்கிவிட்டார். கருநீல ஜெர்மன் வண்டி. வெளியிலிருந்து பார்த்தால் வீட்டுக் கார் மாதிரி சாதுவாக நிற்கும். உள்ளே இருப்பது பந்தய வண்டி இன்ஜின்.

சாவியைக் கொடுக்கும்போது லூயிஸ் பெட்ரோல் மூடியைத் திறந்து காட்டினார். உள்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர். பெரிதாக 98 என்று போட்டு, குறைந்தபட்சம் 95 என்று அடியில் சின்னதாகப் போட்டிருந்தது.

"நல்லா கேட்டுக்கோங்க. இது பெட்ரோலோட தர நம்பர். சாதா பெட்ரோல் தொண்ணூத்தொண்ணு. ஸ்கூட்டருக்கு அது போதும். இந்த வண்டிக்குப் போட்டீங்கன்னா வண்டி உடனே செத்துடாது, ஆனா தெனமும் உங்களத் திட்டும்," என்றார் லூயிஸ்.

இதில் என்ன கஷ்டம்? டவுனில் தொண்ணூற்றைந்து போடுகிற பங்க் இருக்கிறது. நூறு போடுகிற பங்க்கூட இருக்கிறது. கஷ்டம் பெட்ரோலில் இல்லை. சம்பந்தி புருஷோத்தமனிடம் இருந்தது.

கலியமூர்த்தியின் ஒரே பெண் அபியைக் கட்டிக் கொடுத்திருப்பது ரெட்டியார்பாளையத்தில். மாப்பிள்ளை கோபிநாத் பேங்க்கில் வேலை பார்க்கிறான். அவனுடைய அப்பா புருஷோத்தமன் விழுப்புரம் ரோட்டில் அவருடைய அப்பா காலத்துப் பெட்ரோல் பங்க்கை நடத்துகிறார். பூமிக்கு அடியில் ஒரு டேங்க் டீசல், ஒரு டேங்க் சாதா பெட்ரோல். மூன்றாவது டேங்க் புதைக்க இடம் இல்லை. அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களும், லீவு முடிந்து ஊர் திரும்பும் கார்க்காரர்களும் இங்கே விலை கம்மி என்று எல்லையைத் தாண்டுமுன் நிரப்பிக்கொள்வதே அங்கே போதும் போதும் என்கிற வியாபாரம்.

புது வண்டி வாங்கினால் சம்பந்தி வீட்டில் காட்டாமல் இருக்க முடியுமா? காட்டினார். புருஷோத்தமன் சம்பங்கி மாலையோடு பங்க் வாசலில் நின்றார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். அப்புறம்தான் வினை. பெட்ரோல் போடும் ஆளை நகரச் சொல்லிவிட்டு, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் கையாலேயே ஃபுல் டேங்க் நிரப்பினார்.

"இனிமே இந்த வண்டிக்கு நம்ம பங்க்லதான் சம்பந்தி. வேற எங்கனா போட்டீங்கன்னு காதுல விழுந்துச்சு, எனக்குப் பொல்லாத கோவம் வரும்," என்று சிரித்தார்.

"ஐய, இதெல்லாம் சொல்லணுமா சம்பந்தி!" என்றார் கலியமூர்த்தி. துறைமுகத்தையே கிடுகிடுக்க வைக்கிற வாய் அன்றைக்கு இப்படி உளறி வைத்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி நிர்மலாவிடம் குதித்தார். நிர்மலா அசையவில்லை.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க. உங்க அக்காவுக்கு நடந்தது மறந்துடுச்சா?"

எப்படி மறக்கும்? கலியமூர்த்தியின் அப்பா ஒருமுறை அக்கா அஞ்சலாட்சியின் மாமியார் வீட்டில் சாப்பிடும்போது, குழம்பில் உப்பு கம்மி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, உப்பு கம்மியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கப்புறம் அக்காவைப் பொங்கலுக்கு அனுப்பவில்லை, ஆடிக்கு அனுப்பவில்லை, கலியமூர்த்தியின் கல்யாணத்துக்கே அனுப்பவில்லை. தாலி கட்டுகிற நேரத்திலும் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது தன் பெண்ணும் ஒரு மாமியார் வீட்டில் இருக்கிறாள். பெட்ரோல் சரியில்லை என்று அவர் வாயைத் திறந்து, அதற்காக அபி ஒரு வேளை முகம் வாடினாலும் அந்த வண்டியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றுதான் அவருக்குத் தோன்றியது. அதனால் வாயை மூடிக்கொண்டார்.

வண்டி மூடிக்கொள்ளவில்லை. ஈ.சி.ஆரில் கொஞ்சம் அழுத்தினால் போதும், இன்ஜினுக்குள் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி டிக் டிக் என்று சத்தம் வரும். சீறிப் பாய வேண்டிய வண்டி சோம்பல் முறிக்கும். ஒருநாள் ஸ்கூல் வேன் ஒன்று ஹாரன் அடித்துவிட்டு அவரைத் தாண்டிப் போனது. ஸ்கூல் வேன்! பின் சீட்டுப் பிள்ளைகள் டாட்டா வேறு காட்டின. கலியமூர்த்திக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ஐஸ் கேட்டு வந்த போட்காரர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது.

மெக்கானிக் மார்ட்டின் நெல்லித்தோப்பில் ஷெட் வைத்திருக்கிறான். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்தான்.

"பெட்ரோல் எரிய வேண்டிய நேரத்துக்கு முன்னாடியே எரிஞ்சிடுதுண்ணே. வண்டி பயந்துபோயி தானே பவர கொறைச்சிக்கிது. இப்படியே ஓட்டுனா ஒருநாள் பெருசா செலவு வச்சிடும். தொண்ணூத்தஞ்சு போடுங்க, முடிஞ்சா நூறு போடுங்க."

"தெரியும்டா!"

"தெரிஞ்சும் ஏண்ணே சாதாவே போடுறீங்க?"

"உனக்குப் பொண்ணு இருக்கா?"

"பையன்தாண்ணே."

"அப்ப உனக்குப் புரியாது, வேலையப் பாரு."

பிறகு ஆரம்பித்தது திருட்டு வேலை. வேறு பங்க்கில் முக்கால் டேங்க் தொண்ணூற்றைந்தை நிரப்பிக்கொண்டு சம்பந்தி பங்க்குக்குப் போவார். கொஞ்சம்தான் பிடிக்கும், தப்பித்துவிடலாம் என்று கணக்கு. புருஷோத்தமன் தலையை உள்ளே விட்டுப் பெட்ரோல் முள்ளைப் பார்த்து, "என்னா சம்பந்தி, எப்ப வந்தாலும் முக்கால் டேங்க்லயே நிக்கிது? வண்டிய எடுக்கறதே இல்லையா?" என்பார். அடுத்த தடவை பயந்துபோய்க் காலி டேங்க்கோடு போவார். அவர் வழிய வழிய ஊற்றுவார். அதை மார்ட்டின் ஷெட்டில் உறிஞ்சி எடுத்துக் கேனில் பிடித்து, நிர்மலாவின் ஸ்கூட்டருக்கு ஊற்றி, எதிர்வீட்டு ஸ்கூட்டருக்கும் ஊற்றி, மிச்சத்தை மாடிப்படிக்கு அடியில் வைத்தால் நிர்மலா சாமியாடுவாள். "வீட்டக் கொளுத்திட்டு அப்புறம் ஓட்டுங்க உங்க ரேஸ் காரை!" என்று கேனைத் தூக்கி வெளியே வைத்தாள். சரி, விழுப்புரம் ரோட்டுப் பக்கமே போகாமல் இருந்து பார்ப்போம் என்றால், "கண்ணுலயே காணோமே, கோவமா?" என்று புருஷோத்தமனே ஃபோன் பண்ணினார். என்னதான் செய்து தொலைப்பது?

ஒவ்வொரு தடவை பங்க்குக்குப் போய்விட்டு வந்ததும் அபிக்கு ஃபோன் போடுவார். "மாமா ஏதாச்சும் சொன்னாராம்மா? மொகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார். "நான் கேட்டன்னு சொல்லிடாத," என்று முடிப்பார். அபி ஒவ்வொரு தடவையும் "ஒன்னும் சொல்லலப்பா" என்பாள். அப்பாடா என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுவார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அபிக்கு வளைகாப்பு வந்தது. ரெட்டியார்பாளையத்து வீட்டிலேயே ஜோராக நடந்தது. கலவை சாதம், கை நிறைய கண்ணாடி வளையல், நலங்கு, ஆரத்தி. முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். நிர்மலாவும் சொந்தக்காரர்களும் வேனில் முன்னால் கிளம்பினார்கள். வளையல் கையோடு அபி அப்பாவின் காரில் பின் சீட்டில் ஏறினாள். புருஷோத்தமன் பந்தி மிச்சத்தையெல்லாம் கோபிநாத்திடம் ஒப்படைத்துவிட்டு, "நான் முன்னாடி பங்க்குக்குப் போயிர்றேன். போற வழியில நிறுத்துங்க, டேங்க்க ரொப்பி அனுப்புறேன்," என்று பைக்கில் பறந்தார்.

அன்றைக்கு கலியமூர்த்தி ஒரு முடிவோடு இருந்தார். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை வைத்துக்கொண்டு நடுவழியில் நிற்க முடியாது, இன்றைக்கு அந்தப் பெட்ரோல் வேண்டாம். நிற்காமல் போய்விடுவோம், கேட்டால் மறந்துபோச்சு என்று சொல்லிக்கொள்ளலாம். பங்க் கண்ணில் பட்டதும், யாரும் பார்ப்பதற்குள் தாண்டிவிட வேண்டும் என்று ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தார்.

டேங்க்கின் அடியில் கிடந்தது எந்தப் பெட்ரோல்? போன தடவை சம்பந்தி ஊற்றினதுதான். வண்டி ஒரு உறுமல் உறுமியது. டிக் டிக் என்றது. இரண்டு குலுக்கல் குலுக்கிவிட்டு, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு மாட்டு வண்டி வேகத்துக்கு இறங்கியது. இந்திரா காந்தி சிலைக்கு வருவதற்குள் பின்னால் பஸ், ஆட்டோ, பைக் என்று அத்தனை பேரும் ஹாரனை அழுத்தினார்கள். ஓரம் கட்டி நிறுத்தினார். நிறுத்தவும் ஃபோன் அடித்தது. புருஷோத்தமன்.

"சம்பந்தி, நம்ம வண்டி நிக்காம போன மாதிரி இருந்துச்சே?"

"இல்ல சம்பந்தி... அது வந்து... அபி பாப்பாவுக்குக் கொஞ்சம் வெயிலா இருக்குன்னு..." என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தார். ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு குத்து குத்தினார்.

"நாசமாப்போன பெட்ரோலு! இந்த மனுஷன் அன்பா ஊத்தி ஊத்தியே என் வண்டியக் கொல்றாரு. நான் எங்கன்னு போயி முட்டிக்கிறது!"

சொன்ன பிறகுதான் பின் சீட்டில் பெண் இருப்பது நினைவுக்கு வந்தது. வெடுக்கென்று திரும்பினார். அபி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டிய பங்க்குக்குத் திருப்புங்கப்பா," என்றாள்.

"ஐயோ, வளைகாப்பு முடிஞ்சி கெளம்புன பொண்ணு திரும்பக் கூடாதும்மா."

"வீட்டுக்குத்தான் திரும்பக் கூடாது. பங்க்குக்குத் திரும்பலாம். நான் எறங்க மாட்டேன். திருப்புங்க."

திருப்பினார். வண்டி நொண்டிக்கொண்டே போய் பங்க்கில் நின்றது. புருஷோத்தமன் பட்டு வேட்டியோடு ஓடி வந்தார்.

"என்னாச்சு? பாப்பாவுக்கு ஒன்னுமில்லையே?"

"ஒன்னுமில்ல மாமா. அப்பா உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்," என்றாள் அபி.

கலியமூர்த்தி இறங்கினார். புருஷோத்தமன் பழக்க தோஷத்தில் பெட்ரோல் பைப்பைக் கையில் எடுத்துவிட்டு, மூடியையும் திறந்துவிட்டார். இதற்கு மேல் தாங்க முடியாது. கலியமூர்த்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னார்:

"சம்பந்தி, உங்க பங்க் பெட்ரோல் என் வண்டிக்கு ஒத்துக்காது."

கண்ணைத் திறந்தார். புருஷோத்தமன் பைப்பைப் பிடித்தபடியே நின்றார்.

"தெரியும்," என்றார்.

"தெரியுமா!"

"மூடியத் தொறந்தா தொண்ணூத்தெட்டுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. பங்க் நடத்துறவனுக்கு அதுகூடவா தெரியாது?"

"பின்ன எதுக்குங்க ஒரு வருஷமா ஊத்துனீங்க?"

"நீங்க எதுக்குங்க ஒரு வருஷமா கொண்டாந்து நிறுத்துனீங்க?" புருஷோத்தமன் குரல் ஏறியது. "மொத நாளு ஒரு சந்தோஷத்துல ரொப்பினேன், ஸ்டிக்கர அப்புறம்தான் பாத்தேன். சரி, அடுத்த தடவ நீங்களே வேற எங்கனா போயிடுவீங்கன்னு பாத்தா, வாரம் தவறாம வந்து நிக்கிறீங்க. பொண்ணு குடுத்த மனுஷன் வாசல்ல வந்து நிக்கறப்ப, 'இங்க வேணாம், வேற பங்க்குக்குப் போங்க'ன்னு நான் எந்த வாயால சொல்றது? தொரத்தி வுட்டேன்னு ஆவாதா?"

"வேற எங்கனா போட்டா கோவம் வரும்னு நீங்கதானங்க சொன்னீங்க!"

"அது பேச்சுக்குச் சொன்னதுங்க! மரியாதைக்கு!"

"நானும் மரியாதைக்குத்தாங்க வந்தேன்!"

"உங்க மரியாதையால ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லங்க! நாளைக்கு இன்ஜின் போச்சுன்னா யாரு ஊத்துனதுன்னு கேப்பாங்க? என் கையிதானங்க ஊத்துச்சு!"

'ங்க' போட்டு மரியாதையாகவே இரண்டு பேரும் கத்தினார்கள். வரிசையில் பைக்கோடு நின்றவர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கத்தக் கத்த இரண்டு பேருக்கும் உள்ளேயிருந்து ஏதோ இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் புருஷோத்தமன்தான் முதலில் சிரித்துவிட்டார். பைப்பைத் திரும்ப அதனிடத்திலேயே மாட்டினார்.

"வாங்க, நூறு போடுற பங்க் எங்க இருக்குன்னு காட்டுறேன்," என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

அந்த பங்க் அவருக்குப் போட்டிக் கம்பெனிக்காரனுடையது. அங்கிருக்கிற ஆட்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். உள்ளே நுழையும்போது துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சீட்டில் சரிந்தார். கலியமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வருஷப் பாரம் இறங்கின சந்தோஷத்தில் இரண்டு பேருக்கும் பேச்சு பொங்கியது.

"நான் எதுக்குப் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தேன்? எல்லாம் அபிக்காவத்தான் சம்பந்தி. உங்க வீட்ல அவ நிம்மதியா இருக்கணும்ல."

"நான் மட்டும்? எனக்கும் பாப்பாதான் முக்கியம். நம்மளால அதுக்கு ஒரு மனக்கஷ்டம் வரக் கூடாதுன்னுதான்."

"எனக்காகவா?" என்று பின் சீட்டிலிருந்து கேட்டாள் அபி.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவள் சிரிக்கவில்லை.

"இந்த வண்டி பங்க்குக்கு வர்ற அன்னிக்கெல்லாம் எனக்கு ஒரு வாய் சோறு எறங்காது. அப்பா, நீங்க ஃபோன் பண்ணி 'மாமா ஏதாச்சும் சொன்னாரா'ன்னு கேப்பீங்க. ஃபோன வச்சா மாமா வந்து 'அப்பா ஏதாச்சும் சொன்னாரா'ன்னு கேப்பாரு. ரெண்டு பேரும் 'நான் கேட்டன்னு சொல்லிடாத'ன்னு வேற சொல்லுவீங்க. சமையல் பண்ணும்போதும் அதே நெனப்பு, படுத்தாலும் அதே நெனப்பு. யாருகிட்ட எந்த வார்த்த தப்பா வந்துடுமோன்னு இந்த ஒரு வருஷத்துல நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும். உங்க ரெண்டு பேரு மரியாதையையும் நான்தான் சொமந்தேன். இப்ப புள்ளையையும் சொமந்துக்கிட்டு அதையும் சொமக்க என்னால முடியாதுப்பா."

கலியமூர்த்திக்குச் சுருக்கென்றது. "ஒன்னும் சொல்லலப்பா" என்று அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவர் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறார். அவள் சாப்பிட்டாளா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. புருஷோத்தமன் தலையில் இருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தார்.

பங்க் ஆள் வந்து கண்ணாடியைத் தட்டினான். "சார், எது போடணும்? சாதாவா, தொண்ணூத்தஞ்சா, நூறா?"

இரண்டு சம்பந்திகளும் ஒரே நேரத்தில் அபியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"என்னப் பாக்காதீங்க," என்றாள் அபி. "வாயத் தொறந்து நீங்களே சொல்லுங்க."